நடுவில் நிற்கும் 180 ரூபாய்

மும்பை மாட்டுங்கா பூக்கடைத் தெருவில் காலை ஏழு மணிக்கு ஒருவர் 180 ரூபாய்க்குப் பூ வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பின் நம்பரும் போட்டாயிற்று. கணக்கிலிருந்து 180 ரூபாய் கழிந்ததாக எஸ்எம்எஸ்ஸும் வந்தாயிற்று. கடைக்காரரின் சவுண்ட்பாக்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. ஆப்பில் ‘பெண்டிங்’ என்று நிற்கிறது. பூக்காரருக்குப் பணம் வரவில்லை, வாங்கியவர் கையிலும் பணம் இல்லை. இன்னொரு தடவை அனுப்புங்கள் என்கிறார் ஒருவர். இரண்டு தடவை போய்விட்டால் யார் திருப்பித் தருவது என்கிறார் மற்றவர். இருவர் கேட்பதும் நியாயம். கணினித்துறை ஐம்பது வருடமாக மல்லுக்கட்டும் கேள்வியும் இதேதான். பல மெஷின்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்யும் வேலை பாதியில் நின்றால் மறுபடி முயல்வதா, கைவிடுவதா? கைவிட்டால் அது யார் தலையில் விழும்?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மறுமுயற்சியை, அதாவது ரீட்ரையை, ஒழுங்காக எழுதிவிட்டால் அமைப்பு உறுதியாகிவிட்டது என்று நம்பும் பழக்கம் சாஃப்ட்வேர் உலகில் ஆழமாக ஊறியிருக்கிறது. எத்தனை முறை முயன்றாலும் தேறாத வேலை ஒன்று எப்போதும் மிஞ்சும். அதை அமைப்பு என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும். அதற்குக் காரணம் எழுதி, ஒரு பொறுப்பாளியின் பெயரைப் போட்டு, ஒரு கெடு வைத்து ஒப்படைத்தால் அது நல்ல அமைப்பு. ஒரு மூலையில் தள்ளிவிட்டு மேலே போனால், மற்ற எல்லாம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது குறைபட்ட அமைப்புதான். இரண்டுக்கும் உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அங்கிருந்துதான் இயங்கி வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய நிறுவனம் அது. 2016 ஏப்ரல் 11 அன்று அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் மும்பையில் யுபிஐ-யைத் தொடங்கி வைத்தார். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அதில் 2,000 கோடிக்கு மேல் பரிவர்த்தனைகள் நடந்தன. நாளொன்றுக்கு 64 கோடி. ஒரு பேச்சுக்கு, பத்தாயிரத்தில் ஒன்று மட்டும் நடுவில் நின்றுபோகிறது என்று வைத்தாலும், தினமும் அறுபத்து நாலாயிரம் பேர் அந்தப் பூக்கடை வாசலில் நிற்கிறார்கள்.

பணம் போகும் வழியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆப்பிலிருந்து அதன் பின்னால் இருக்கும் வங்கிக்கு, அங்கிருந்து என்பிசிஐ-யின் ஸ்விட்சுக்கு, அங்கிருந்து பணம் கொடுப்பவரின் வங்கிக்குக் கோரிக்கை போகிறது. அந்த வங்கி பணத்தைக் கழித்துவிட்டு ‘கழித்தாயிற்று’ என்கிறது. ஸ்விட்ச் அடுத்ததாகப் பெறுபவரின் வங்கியிடம் ‘வரவு வை’ என்கிறது. அங்கிருந்து ‘வைத்தாயிற்று’ என்று பதில் வந்தால்தான் சவுண்ட்பாக்ஸ் பேசும். இந்தக் கடைசிப் பதில் வராமல் போவதுதான் சிக்கல். கோரிக்கை அந்த வங்கிக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். சேர்ந்தும் வரவு வைக்கப்படாமல் இருந்திருக்கலாம். வரவு வைத்துவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், வெறும் மௌனம். இந்த நிலைக்கு என்பிசிஐ தனியாக ஒரு வகையே வைத்திருக்கிறது, ‘டீம்டு அப்ரூவ்டு’ என்று. கழித்தது உறுதி, வரவு உறுதியில்லை, இப்போதைக்கு நடந்ததாகக் கொள்வோம், பெறும் வங்கி பிறகு கணக்குப் பார்த்துச் சொல்லட்டும் என்பது அதன் பொருள்.

இது நம் ஊர் சர்வர்களின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். நம்பிக்கையில்லாத வழியில் செய்தி அனுப்பும் இரண்டு பேர், ஒரு காரியம் இருபுறமும் நடந்துவிட்டது என்று ஒருபோதும் முழு நிச்சயத்துக்கு வர முடியாது. ஜிம் கிரே 1978-ல் ‘இரண்டு தளபதிகள்’ என்று பெயரிட்டு எழுதிய புதிர் இது. பதிலுக்குப் பதில், அதற்கும் ஒரு பதில் என்று எத்தனை அடுக்கினாலும் கடைசிச் செய்தி சேர்ந்ததா என்ற சந்தேகம் மிஞ்சும். எனவே ‘பெண்டிங்’கே வராத அமைப்பைக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்ட முடிவது, பெண்டிங் வந்தபின் ஒழுங்காக நடந்துகொள்ளும் அமைப்பை மட்டும்தான்.

ஒழுங்காக நடந்துகொள்வதன் முதல் பாடம் தோல்விகளைப் பிரித்துப் பார்ப்பது. இதை என்பிசிஐ வெளிப்படையாகவே செய்கிறது. ஒவ்வொரு மாதமும் பெரிய வங்கிகளின் கணக்கை வெளியிடும்போது ‘பிசினஸ் டிக்லைன்’, ‘டெக்னிக்கல் டிக்லைன்’ என்று இரண்டு தனி விகிதங்கள் இருக்கும். பின் நம்பர் தப்பு, இருப்பு போதாது, வரம்பு மீறியது, கணக்கே இல்லை என்பவை முதல் வகை. வங்கியின் சர்வரோ நெட்வொர்க்கோ பதில் சொல்லாமல் போனது இரண்டாம் வகை. இரண்டாம் வகையைக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயன்றால் தேறலாம். முதல் வகையில், கணக்கில் 50 ரூபாய் வைத்துக்கொண்டு 180 ரூபாயை நூறு தடவை அனுப்பினாலும் நூறு தடவையும் அதே பதில்தான் வரும். இவ்வளவு எளிய பிரிவினையைக்கூட எத்தனையோ டேட்டா அமைப்புகள் செய்வதில்லை. எந்தப் பிழை வந்தாலும் ஒரே ரீட்ரை, ஒரே எண்ணிக்கை. காரணம் தெரியாமல் எல்லா நோயாளிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது அது.

மறுமுயற்சியால் என்ன நஷ்டம், தேறினால் லாபம், தேறாவிட்டால் போகட்டுமே என்று கேட்பவர்கள் 2025 ஏப்ரல் 12-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அன்று, ஒரு சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. என்பிசிஐ ஆராய்ந்து சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது. சில வங்கிகளின் அமைப்புகள் ‘அந்தப் பரிவர்த்தனை என்னாயிற்று?’ என்று கேட்கும் நிலை விசாரிப்புகளை அளவில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய பரிவர்த்தனைகளுக்குக்கூட விடாமல் கேட்டன. புதிதாகப் பணம் அனுப்ப வந்தவர்கள் இந்த விசாரிப்புக் கூட்டத்தில் நசுங்கினார்கள். அதன்பின் போன சுற்றறிக்கை, நான் இங்கே வாதாடும் கொள்கையை அப்படியே விதியாக்கியது. முதல் விசாரிப்புக்கு முன் 90 விநாடி பொறு. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் கேட்காதே. குறிப்பிட்ட சில பிழைக் குறியீடுகள் வந்தால் அது தோல்விதான், மேற்கொண்டு கேட்காதே. தோற்றதைத் தோற்றது என்று ஒப்புக்கொள்ளாத சில அமைப்புகள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எல்லோரையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பணத்தை விட்டு, பெரிய அளவில் டேட்டாவைப் பிரித்து மேய்க்கும் அமைப்புகளுக்கு வந்தால் இதே கதை வேறு உடையில் நிற்கும். ஒரு கோடி வரி உள்ள பட்டியலை நூறு மெஷின்களுக்குப் பங்கு போடுகிறோம். அப்படிப் பங்கு போடும் ஹடூப்பும் ஸ்பார்க்கும் ஒரு துண்டு வேலை தோற்றால் தாமாகவே நான்கு தடவை வரை ஓட்டிப் பார்க்கும். நாம் எதையும் மாற்றாவிட்டால் கணக்கு நான்குதான். மெஷின் செத்ததால் தோற்றிருந்தால் வேறு மெஷினில் தேறிவிடும், அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தத் துண்டில் ஒரே ஒரு வரி கெட்டிருந்தால்? யூனிகோடு பரவலாவதற்கு முந்தைய டிஸ்கி எழுத்துமுறையில் அடித்த ஒரு தமிழ்ப் பெயர் நடுவில் கிடக்கிறது, அதை யூடிஎஃப்-8 என்று நம்பிக் கறாராகப் படிக்கும் புரோகிராம் அங்கே முட்டி விழுகிறது. முதல் மெஷினில் விழும், இரண்டாவதில் விழும், நான்காவதிலும் அதே வரியில் விழும். பிறகு முழு வேலையும் ரத்து. மீதி 99,99,999 பேரின் கணக்கும் அந்த ஒரு பெயரோடு சேர்ந்து நிற்கும். இந்த நிலைமையைக் கூகுள் ஆரம்பத்திலேயே யோசித்து வைத்திருந்தது. ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-ல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் கட்டுரையில் இதற்கென்றே ஒரு சிறு பகுதி உண்டு. புரோகிராம் விழுகிற கணத்தில், உயிர் போவதற்குள் எந்த வரிசை எண்ணில் விழுந்தேன் என்று ஒரு சிறு செய்தியைத் தலைமை மெஷினுக்கு அனுப்பிவிடும். ஒரே வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை விழுந்தால், அடுத்த முறை அந்த வரியைத் தாண்டிப் போ என்று தலைமை மெஷின் சொல்லிவிடும். சாகும்போதும் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்ற அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

தாண்டிப் போ என்பது எளிது. தாண்டப்பட்டவர் என்ன ஆனார் என்று அடுத்த கேள்வி வருகிறதே. நியாயமான ஆட்சேபம் இங்கேதான் இருக்கிறது. கெட்ட வரியை ஒதுக்குவது டேட்டாவைத் தொலைப்பதற்கு நாகரிகமான பெயர் இல்லையா? பல இடங்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது. தேறாத செய்திகளைத் தனி வரிசையில் தள்ளும் ‘டெட் லெட்டர் க்யூ’ இப்போது எல்லா கிளவுடிலும் கிடைக்கும், அமைக்க ஐந்து நிமிடம் போதும். அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ்-ஸில் ஒரு செய்தியை அதிகபட்சம் 14 நாள்தான் வைத்திருக்க முடியும். சாதாரண வரிசையிலிருந்து ஒதுக்கு வரிசைக்குப் போன செய்திக்கு வயது புதிதாகத் தொடங்காது, முதன்முதலில் வந்த நாளிலிருந்தே எண்ணப்படும். அந்த வரிசையைப் பார்ப்பது இன்னார் வேலை என்று எழுதி வைக்கவில்லை என்றால், இரண்டு வாரத்தில் அழிக்கிறோம் என்று சொல்லாமல் சொல்வதாகத்தான் அர்த்தம்.

ஒதுக்குவதையே முழு வேலையாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் செய்த துறை ஒன்று நம்மிடம் ரொம்ப காலமாக இருக்கிறது, தபால் துறை. முகவரியாளரும் கிடைக்காமல், அனுப்பியவரும் தெரியாமல் நிற்கும் கடிதங்களுக்கு ஆர்எல்ஓ (ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்) என்று தனி அலுவலகம். கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் தெருவில் பட்டுவாடா செய்யும் தபால்காரருக்குக் கிடையாது. அந்த அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவருக்கு உண்டு, அதுவும் அனுப்பியவரின் முகவரியைக் கண்டுபிடிக்க மட்டும். உள்ளே பணமோ விற்கத்தக்க பொருளோ இருந்தால் ஓராண்டு வைத்திருக்க வேண்டும், உரியவர் வந்தால் கொடுக்க வேண்டும் என்று 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் விதித்திருந்தது. யார் தொடலாம், எதற்காகத் தொடலாம், எத்தனை நாள் வைக்கலாம், கடைசியில் என்ன செய்ய வேண்டும் என எல்லாம் எழுதப்பட்டிருந்தன. கிளவுடில் ஐந்து நிமிடத்தில் வரிசையை அமைக்கும் நாம் இந்த நான்கில் எதையும் எழுதி வைக்காமல் வேலை முடிந்ததென்று எழுந்து போய்விடுகிறோம்.

யுபிஐ பக்கம் திரும்பினால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட ஒரு சுற்றறிக்கையை நான் சட்ட ஆவணமாக மட்டும் படிப்பதில்லை, நல்ல சிஸ்டம் டிசைனாகவும் படிக்கிறேன். அந்த ஆண்டு அக்டோபர் 15-லிருந்து அது அமலில் இருக்கிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன யுபிஐ பணம் கழிந்து, வரவு வைக்க முடியாமல் போனால், பெறும் வங்கி அடுத்த நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும். கடைக்குக் கொடுத்த பணத்துக்குக் கடையில் உறுதி கிடைக்காவிட்டால் ஐந்து நாள். ஏடிஎம்-ல் நோட்டு வராமல் கணக்கு மட்டும் கழிந்தாலும் ஐந்து நாள். கெடு தாண்டினால் வாடிக்கையாளருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அவர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வங்கியே தர வேண்டும். நன்றாகக் கவனியுங்கள். பொறுப்பாளி யார் என்று எழுதியிருக்கிறது. கெடு எழுதியிருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் பணம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது, கொடுத்தவர் பக்கம். தவறினால் அதன் வலி யாருக்கு என்பதும் தீர்ந்துவிட்டது. 180 ரூபாய் நின்றாலும் தண்டம் நாளுக்கு 100 ரூபாய்தான் என்பதால், சின்னத் தொகை என்று வங்கி அலட்சியப்படுத்தவும் வழியில்லை. தாராவியில் இட்லி விற்பவருக்கும் செம்பூரில் ஃபிளாட் வாங்குபவருக்கும் ஒரே தண்டம் என்பது எளியவருக்குச் சாதகமான கணக்கு.

கணினித்துறையில் இதற்கு நேரான யோசனை 1987-ல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் எழுதிய ‘சாகா’. நீண்ட வேலையைச் சிறு படிகளாக உடை, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுகட்டும் எதிர்ப்படி ஒன்றையும் கூடவே எழுதி வை, நடுவில் நின்றால் வந்த வழியே எதிர்ப்படிகளைப் போட்டுக்கொண்டு திரும்பு என்பதுதான் அது. கழித்ததை அழிக்க முடியாது, திருப்பி வரவு வைக்கத்தான் முடியும். பாஸ்புக்கில் இரண்டு வரியும் தெரியும், தெரியவும் வேண்டும். எல்லா வேலைக்கும் எதிர்ப்படி கிடைக்காது என்பது உண்மைதான். அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைத் திரும்ப வாங்க முடியாது. அப்படிப்பட்ட படியைக் கடைசியில் வைக்க வேண்டும், அதுவும் டிசைனில் சேர்ந்ததுதான்.

ஒதுக்கு, ஒப்படை, மேலே போ என்பது எப்போதும் சரியா? ஒன்று தோற்றால் எல்லாவற்றையும் நிறுத்து, தவறான விடையைவிட விடை இல்லாமல் இருப்பதே மேல் என்று வாதாடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் ஒரு பகுதி முழுக்கச் சரி. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை காலை 11:40-க்கு வர்த்தகத்தை நிறுத்தியது. டெலிகாம் இணைப்புகளில் வந்த கோளாறு உள்ளே பரவி, அதன் கிளியரிங் நிறுவனத்தின் ரிஸ்க் கண்காணிப்பு அமைப்பு கிடைக்காமல் போனது. பிற்பகல் 3:45-க்குத்தான் மீண்டும் திறந்தார்கள். மாற்று மையத்துக்கு ஏன் போகவில்லை என்ற விமர்சனம் நியாயமானது, அது வேறு விஷயம். ரிஸ்க்கை அளக்க முடியாதபோது வர்த்தகத்தை நிறுத்தியது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தோற்றது ஒரு தனி வரி இல்லை, எல்லா வரிகளையும் சரிபார்க்கும் அளவுகோல். அளவுகோல் உடைந்தால் கடையைச் சாத்த வேண்டும். அளக்கப்பட்ட பொருள்களில் ஒன்று சொத்தையாக இருந்தால் அதை மட்டும் எடுத்து வைத்தால் போதும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வரம்பும் உதவும். ஒதுக்கியவை ஆயிரத்தில் ஒன்று என்று இருந்தது திடீரென்று நூறில் ஐந்து ஆனால், கெட்டது வரிகள் இல்லை, நம் புரோகிராமே என்று சந்தேகப்பட்டு நிற்க வேண்டும். ஹடூப்பில் எத்தனை சதவீதம் வரை தோற்றால் பொறுக்கலாம் என்று அமைக்க ஓர் இடம் உண்டு, அது ஆரம்பத்தில் பூஜ்யம். அந்த எண்ணைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த டேட்டாவுக்குப் பொறுப்பான மனிதர்.

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தருவது வேறொன்று. ஒதுக்கப்படும் வரிகள் எங்கேயோ தற்செயலாகச் சிதறிக் கிடப்பதில்லை. அவை ஒரே மாதிரி மனிதர்களுடையவை. மகாராஷ்டிரத்தில் பெயர் எழுதும் முறை தன் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தலைமுறைகளாகத் தாராவியில் இருக்கும் குடும்பத்தில் மூன்றாவது கட்டத்துக்கு எழுத ஒன்றும் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ‘முருகன் எஸ்’, பாஸ்புக்கில் ‘எஸ் முருகன்’, ரேஷன் கார்டில் தந்தை பெயர் முழுசாகச் சேர்ந்து மூன்றாவது வடிவம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் ஒரு புரோகிராமுக்கு இவர் மூன்று ஆள். இதை ‘டேட்டா குவாலிட்டி பிரச்சினை’ என்று சொல்லி ஒதுக்கு வரிசையில் தள்ளினால், 99 சதவீதம் வெற்றி என்று ரிப்போர்ட் வரும். மிச்சமுள்ள ஒரு சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காதவரை அந்த 99 எதையும் சொல்லாது.

அரசு உதவித்தொகைகள் ஆதார் வழியாகப் போகும் ஏற்பாட்டில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்று சொல்லும் பட்டியலும் என்பிசிஐ-யிடம்தான் இருக்கிறது, மேப்பர் என்று அதற்குப் பெயர். பணம் அந்தப் பட்டியலில் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்குப் போகும். இணைப்பு அறுந்திருந்தால் திரும்பி வரும். நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஊதியத்துக்கு இந்த வழி 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே கூலி திரும்பிப் போனதற்குப் பதிவான காரணங்களில் ஒன்று ‘இன்ஆக்டிவ் ஆதார்’. படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? ஆதார் செத்துவிட்டது என்று நினைத்து ஆதார் மையத்துக்கு ஓடுவார். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள், அதுவும் உண்மையே. அறுந்திருப்பது வங்கிக்கும் மேப்பருக்கும் இடையிலான இணைப்பு, அவர் போக வேண்டிய இடம் வங்கி. தவறான கதவைக் காட்டும் பிழைச் செய்தி, செய்தியே இல்லாததைவிடக் கெடுதல். சாகும் புரோகிராம்கூடத் தான் விழுந்த வரி எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறது, கூலி திரும்பிப் போன ஒரு தொழிலாளிக்கு அந்த அளவு மரியாதையாவது கிடைக்க வேண்டாமா? இங்கே மகாராஷ்டிர அரசு 2024 ஜூலையில் பெண்களுக்காகத் தொடங்கிய லாட்கி பஹின் திட்டத்தில் மாதம் 1,500 ரூபாயும் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகிறது. தவணை வராத ஒரு பெண்ணுக்குத் தாராவி 90 அடி சாலையில் ஃபார்ம் நிரப்பிக் கொடுக்கும் கடைதான் முதல் உதவி மையம். அந்தக் கடைக்காரர் திறமைசாலியாகவே இருக்கட்டும், அவர் அந்த அமைப்பின் பொறுப்பாளி இல்லை.

அதே 2019 சுற்றறிக்கையில் ஆதார் வழிப் பணத்துக்கும் ஒரு வரி உண்டு. வரவு வைப்பதில் தாமதமானால் அடுத்த நாள் கெடு, தாண்டினால் 100 ரூபாய். தாமதத்துக்கு மருந்து இருக்கிறது. ‘இணைப்பு இல்லை’ என்று திரும்பிப்போன தவணைக்கு, உரியவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடு என்று யாருக்கும் கெடு வைக்கும் வரி அதில் இல்லை. பூக்கடையில் நின்ற 180 ரூபாய்க்கு ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது, 1,500 ரூபாய்க்கு ஒரு காரணக் குறியீடுதான் இருக்கிறது. ஒரே நகரம், ஒரே என்பிசிஐ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டெக்னாலஜியில் இல்லை, தோல்விக்கு யார் பெயர் போட்டோம் என்பதில் இருக்கிறது.

இத்தனை லட்சம் தோல்விகளை மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்பது கடைசி ஆட்சேபம். ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். ஒதுக்கு வரிசையைக் காரணவாரியாகக் கூட்டிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் விரல் விட்டு எண்ணும் காரணங்களுக்குள் அடங்கும். இனிஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற ஒரு விதியைத் திருத்தினால் ஒரு பெரிய குவியல் மொத்தமாகத் தேறும். அதற்கு இரண்டு நிபந்தனை. வந்த டேட்டாவை வந்தபடியே, நாம் கைவைக்காத வடிவில், பிழைச் செய்தியோடும் நேரத்தோடும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். மறுபடி ஓட்டும்போது ஒரே தவணை இரண்டு தடவை போகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் எண் வேண்டும், யுபிஐ ரசீதில் தெரியும் அந்த 12 இலக்க எண்ணைப் போல. அந்த எண் இருந்தால் ‘இது ஏற்கனவே நடந்ததா?’ என்று கேட்டுவிட்டு நடத்தலாம். இல்லாவிட்டால் மறுபடி ஓட்டுவது சூதாட்டம். இவ்வளவும் கழித்து எந்தக் குவியலிலும் சேராத கொஞ்சம் மிஞ்சும். அவற்றைத்தான் மனிதர் பார்க்க வேண்டும், அந்த எண்ணிக்கை மனிதர் பார்க்கக்கூடியதாகவே இருக்கும்.

எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடுவதும் ஒரு கருவிதான். என்பிசிஐ மாதந்தோறும் போடும் பட்டியலில் பணம் பெறும் வங்கிகளுக்கு ‘டீம்டு அப்ரூவ்டு’ எத்தனை சதவீதம் என்று ஒரு பத்தி உண்டு. கொடுக்கும் வங்கிகளுக்குக் கழித்த பணத்தைத் திருப்பியதில் எத்தனை வெற்றி என்று இன்னொன்று. வங்கியின் பெயரோடு வருவதால் எவர் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உதவித்தொகைத் திட்டங்களுக்கும் இதே பத்திகள் வேண்டும். இந்த மாதம் திரும்பி வந்த தவணைகள் எத்தனை, என்ன காரணம், 30 நாள் தாண்டியவை எத்தனை, 90 நாள் தாண்டியவை எத்தனை என்று வார்டு வாரியாகப் போட வேண்டும். தாராவி இருக்கும் ஜி நார்த் வார்டுக்கும், மாட்டுங்கா இருக்கும் எஃப் நார்த்துக்கும், செம்பூர் இருக்கும் எம் வெஸ்ட்டுக்கும் தனித்தனி வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதைத் தீர்க்க வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயர். பயனாளிக்குப் போகும் எஸ்எம்எஸ் மராத்தியிலும் தமிழிலும் வர வேண்டும்: தவணை திரும்பிவிட்டது, காரணம் இது, போக வேண்டிய இடம் உங்கள் வங்கிக் கிளை, ஆதார் மையம் இல்லை, இன்ன தேதிக்குள் தானாக மறுபடி அனுப்பப்படும். டேட்டா முழுவதும் ஏற்கனவே சர்வரில் இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ்ஸை எழுத ஒரு புரோகிராமருக்கு ஒரு வாரம் போதும், எழுதச் சொல்லும் உத்தரவுதான் இன்னும் வர வேண்டும்.